எஸ்கியூஎல் சர்வர் சர்வீஸை எந்த அக்கவுண்ட்ல ஓட விடுறது? லோக்கல் சிஸ்டம் போட்டதும் நாஸ் பேக்கப் நின்னுபோச்சு

மாசிவீதி_கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில கம்ப்யூட்டர் பாக்குறேன். பில்லிங், சரக்கு இருப்பு, பாக்கிக் கணக்கு எல்லாமே ஒரே சர்வர்ல. விண்டோஸ் சர்வர் 2019, டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர் 2019 ஸ்டாண்டர்டு. டொமைன் (எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்துல யூசர் வைக்கிற முறை) கிடையாது, ஒவ்வொரு மெஷின்லயும் தனித்தனி யூசர் வைக்கிற வொர்க்குரூப்தான். திருமங்கலம் குடோன்ல இருந்தும் இதே சர்வருக்கு வர்றாங்க.

ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து வந்தவங்க, "அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கடைப் பையன் வரைக்கும் தெரிஞ்சு கெடக்கு, மாத்துங்க"ன்னாங்க. மாத்தியாச்சு. கொஞ்ச நாள் ஒரு பிரச்சினையும் இல்ல. அப்புறம் விண்டோஸ் அப்டேட் விழுந்து சர்வர் ரீஸ்டார்ட் ஆச்சு, காலையில எஸ்கியூஎல் எந்திரிக்கவே இல்ல. பிழை எண் 1069, லாகான் தோல்வி. வாசல்ல லாரி நிக்குது, உள்ள பில் போட முடியல.

போய்ப் பாத்தா, சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தவங்க சர்வீஸையே அட்மினிஸ்ட்ரேட்டர் அக்கவுண்ட்ல ஓட விட்டிருக்காங்க. போன் பண்ணுனேன். "லோக்கல் சிஸ்டம்னு மாத்திருங்க சார், பாஸ்வேர்டே வேணாம்"னாங்க. மாத்துனதும் ஓடிருச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரியில இருந்து நாஸ்ல (நெட்வொர்க்ல இருக்குற ஸ்டோரேஜ் பெட்டி) பேக்கப் விழுகல. பிழை 5, அக்சஸ் மறுக்கப்பட்டதுன்னு வருது. கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல லோக்கல் சிஸ்டம், லோக்கல் சர்வீஸ், நெட்வொர்க் சர்வீஸ்னு மூணு காட்டுது. எதைப் போடுறது? இல்ல தனியா ஒரு யூசர் உண்டாக்கணுமா?

இன்ஸ்டால்_தம்பி

அண்ணே, பில்லிங் சாஃப்ட்வேர் போடுற வேலைதான் நானும் பாக்குறேன், மேலூர், உசிலம்பட்டி பக்கமெல்லாம். உங்களுக்குப் போட்டது நாங்க இல்ல. ஆனா லோக்கல் சிஸ்டம்தான் எங்க வழக்கமும். தனி யூசர் போட்டா என்னைக்காவது ஒருநாள் யாராச்சும் பாஸ்வேர்டை மாத்துவாய்ங்க, இல்ல அது காலாவதி ஆகும். ராத்திரி பத்து மணிக்கு போன் எனக்குத்தான் வரும். பேக்கப்பை லோக்கல்ல டி டிரைவ்ல எடுங்க, முடிஞ்சுது.

யானைமலை

பேக்கப் டி டிரைவ்ல மட்டும் இருந்தா அதுக்குப் பேரு பேக்கப் இல்ல தம்பி. அது இருக்கட்டும்.

மாசிவீதி, ஒவ்வொண்ணா பாப்போம். பாஸ்வேர்டு மாத்துன அன்னைக்கே ஏன் நிக்கலைங்கிறது உங்க முதல் குழப்பமா இருக்கும். சர்வீஸ் தொடங்குற நேரத்துல மட்டும்தான் விண்டோஸ் அந்தப் பாஸ்வேர்டைக் கேக்கும். ஓடிக்கிட்டு இருக்குறது பாட்டுக்கு ஓடும். அடுத்த ரீஸ்டார்ட்லதான் பழைய பாஸ்வேர்டோட போய் முட்டும். அதனாலதான் பாஸ்வேர்டு மாத்துனதையும் சர்வீஸ் விழுந்ததையும் பல பேரு சேத்துப் பாக்க மாட்டாங்க, அப்டேட் மேல பழியைப் போட்டுருவாங்க.

ரெண்டாவது, நாஸ். பேக்கப் கட்டளையை நீங்க எந்த லாகின்ல குடுத்தாலும் ஃபைலை எழுதுறது எஸ்கியூஎல் இன்ஜின், அதுவும் தன்னோட சர்வீஸ் அக்கவுண்ட்டாத்தான் போய் எழுதும். முன்னாடி அட்மினிஸ்ட்ரேட்டரா போச்சு. நாஸ்லயும் அதே பேரு, அதே பாஸ்வேர்டுல ஒரு யூசர் இருந்திருக்கணும், அதான் உள்ள விட்டுருக்கு. லோக்கல் சிஸ்டம் நெட்வொர்க்ல போகும்போது கம்ப்யூட்டரோட பேர்லதான் போகும். டொமைன்ல இருந்தா அந்தக் கம்ப்யூட்டர் அக்கவுண்ட்டுக்கே ஷேர்ல அனுமதி குடுக்கலாம். வொர்க்குரூப்ல உங்க நாஸுக்கு அது யாருன்னே தெரியாது. பிழை 5 அங்கிருந்துதான் வருது. இஸட் டிரைவ்னு மேப் பண்ணிப் பாக்கலாம்னு இறங்கிறாதீங்க, மேப் பண்ணுன டிரைவ் நீங்க லாகின் பண்ணுன செஷனுக்கு மட்டும்தான், சர்வீஸ் கண்ணுக்குத் தெரியாது.

இனி எதைப் போடுறதுங்கிற கேள்வி. எனக்கு ஒரே அளவுகோல்தான்: இந்த சர்வீஸ் தன் மெஷினை விட்டு வெளிய எதைத் தொடணும்? ஒண்ணையும் தொட வேணாம்னா, நீங்க பாத்த மூணும் வேணாம், விர்ச்சுவல் அக்கவுண்ட் போதும், அந்த சர்வீஸுக்குன்னே விண்டோஸ் தானா வச்சுக்கிற அக்கவுண்ட் அது. பேரு என்டி சர்வீஸ், ஒரு பின்சாய்வுக்கோடு, அப்புறம் எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர். பேர் வச்ச இன்ஸ்டன்ஸா இருந்தா எம்எஸ்எஸ்கியூஎல், டாலர் குறி, இன்ஸ்டன்ஸ் பேரு. எஸ்கியூஎல் சர்வர் 2012ல இருந்து இன்ஸ்டாலர் தானா போடுறதே இதைத்தான். உங்களுக்குப் போட்டவங்க வேலை மெனக்கெட்டு அதை அட்மினிஸ்ட்ரேட்டரா மாத்தியிருக்காங்க.

மத்ததையும் சொல்லிடுறேன். லோக்கல் சர்வீஸுக்கு இன்ஜின்லயும் ஏஜெண்ட்லயும் (நேரம் வச்சு ஜாப் ஓட்டுற சர்வீஸ்) ஆதரவே இல்ல, மைக்ரோசாஃப்டே வேணாம்னு சொல்லுது. நெட்வொர்க் சர்வீஸ் ஓடும், ஆனா அதே அக்கவுண்ட்ல விண்டோஸோட வேற சர்வீஸும் ஓடுது. அதுக்குக் குடுக்குற அனுமதி அத்தனைக்கும் போகும்.

இன்ஸ்டால்_தம்பி

விர்ச்சுவலுக்குப் பாஸ்வேர்டு?

யானைமலை

கிடையாது. நீங்க பாக்கவும் முடியாது, மாத்தவும் முடியாது, காலாவதியும் ஆகாது. நீங்க லோக்கல் சிஸ்டம் போடுறதுக்குச் சொன்ன காரணம் அது ஒண்ணுதானே?

இன்ஸ்டால்_தம்பி

அது ஒண்ணு மட்டும் இல்லண்ணே. எங்க சாஃப்ட்வேர் பேக்கப் எடுத்து எக்ஸ்பி_சிஎம்டிஷெல் வழியா ஜிப் பண்ணி வேற ஃபோல்டருக்குத் தள்ளும். லோக்கல் சிஸ்டம்னா எந்த ஃபோல்டர்னு பாக்க வேணாம், எங்க வேணா எழுதும். கஸ்டமர் நெனச்ச எடத்துல ஃபோல்டர் போடுவாரு, நம்மளால ஒவ்வொண்ணுக்கும் பெர்மிஷன் குடுத்துக்கிட்டு இருக்க முடியுமா?

தெப்பக்குளம்_டிபிஏ

தம்பி கோவிச்சுக்காதீங்க, இதைத்தான் பேசணும்.

எக்ஸ்பி_சிஎம்டிஷெல் 2005 பதிப்பில் இருந்தே இயல்பாக அணைத்துத்தான் வருகிறது. அதைத் திறந்து வைத்தால், சிஸ்அட்மின் (எஸ்கியூஎல்லில் முழு அதிகாரம்) உரிமை உள்ள எந்த லாகினும் விண்டோஸ் கட்டளை ஓட்டலாம். அந்தக் கட்டளை எந்த அக்கவுண்ட்டாக ஓடும்? எஸ்கியூஎல் சர்வீஸ் அக்கவுண்ட்டாக. லோக்கல் சிஸ்டம் என்றால் அந்த மெஷினில் அதற்கு மேல் ஆளே இல்லை.

மாசிவீதி, நீங்கள் திருமங்கலம் குடோனில் இருந்து வருகிறார்கள் என்றீர்களே, எப்படி வருகிறார்கள்? விபிஎன்னா, இல்லை பிராட்பேண்ட் ரவுட்டரில் எஸ்கியூஎல்லின் 1433 போர்ட்டைத் திறந்து விட்டிருக்கிறதா? இரண்டாவது என்றால் இப்போதே எஸ்கியூஎல் எர்ரர் லாகைத் திறந்து பாருங்கள். எஸ்ஏ என்பது எஸ்கியூஎல்லின் தலைமை லாகின். "எஸ்ஏ லாகின் தோல்வி" என்று ஊர் பேர் தெரியாத ஐபியில் இருந்து பக்கம் பக்கமாக இருக்கும். இணையத்தில் திறந்திருக்கும் 1433ஐ இராப்பகலாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் உண்டு. எஸ்ஏ பாஸ்வேர்டு கடைப் பெயரும் 123ம் என்று இருந்தால், அடுத்த படி எக்ஸ்பி_சிஎம்டிஷெல், அதற்கடுத்த படி உங்கள் சர்வர் முழுவதும். சர்வீஸ் அக்கவுண்ட்டைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில்தான் காசு பெறும்.

பழைய ஆட்களுக்கு ஸ்லாம்மர் என்ற வார்ம் (தானே பரவும் தீய நிரல்) ஞாபகம் இருக்கும். 2003 ஜனவரி 25. எஸ்கியூஎல் 2000இல் யூடிபி 1434 வழியாக நுழைந்தது. பேட்ச் 2002 ஜூலையிலேயே வந்துவிட்டது, போட்டவர்கள்தான் குறைவு. பத்தே நிமிடத்தில் பெரும்பாலான ஓட்டை சர்வர்களைப் பிடித்து முடித்தது. அது டிஸ்கில் ஒன்றும் எழுதவில்லை, தன்னைத்தானே பரப்பிக்கொண்டதோடு சரி. சர்வீஸ் எந்த உரிமையில் ஓடியதோ அதே உரிமையில்தான் அதுவும் ஓடியது. அழிக்க நினைத்திருந்தால் லோக்கல் சிஸ்டத்தில் ஓடிய சர்வர்கள் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

பழங்காநத்தம்_பெங்குவின்

இதுக்குத்தான் நாங்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல இருக்கோம் 😀 ரூட்டா (லினக்ஸோட முழு அதிகார யூசர்) ஓட்டிப் பாருங்க, "மாட்டேன்"னு சொல்லி நின்னுடும். லினக்ஸ்ல போஸ்ட்கிரெஸ்னே ஒரு யூசர், டேட்டா டைரக்டரி அவன் பேர்ல 0700, அதாவது அவன் மட்டும்தான் நுழையலாம். பதிப்பு 11ல இருந்து வேணும்னா 0750 (குரூப்பும் படிக்கலாம்) வச்சுக்கலாம், அதுக்கு மேல தளர்த்துனா சர்வரே தொடங்காது. மைஎஸ்கியூஎல்லும் அப்படித்தான், ரூட்டா ஓட்டணும்னா நீங்களா எழுதிக் குடுக்கணும். தேர்வையே நம்ம கையில விடல பாருங்க, அதுதான் நல்ல டிசைன்.

தெப்பக்குளம்_டிபிஏ

டிசைன் நல்ல டிசைன்தான். அந்த போஸ்ட்கிரெஸ் யூசருக்குப் பாஸ்வேர்டு இல்லாத சுடோ (ரூட்டாக ஓட்டும் உரிமை) கொடுத்து வைத்திருந்த சர்வரை நான் பார்த்திருக்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேரை மாற்ற முடியாத கடைக்காரரிடம் போஸ்ட்கிரெஸ்ஸுக்கு வா என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மாசிவீதி_கணக்கு

அக்கா, லாகைப் பாத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஒரு நொடிக்குள்ளேயே வரிசையா எஸ்ஏ, எஸ்ஏ, எஸ்ஏ. 1433 திறந்துதான் கெடந்துச்சு, உடனே மூடச் சொல்லிட்டேன். குடோனுக்கு இப்போதைக்கு போன்ல சொல்லி இங்க பில் போடுறோம், விபிஎன் போட ஆள் வர்றாங்க. எக்ஸ்பி_சிஎம்டிஷெல் பாத்தேன், 1ன்னு இருக்கு.

விர்ச்சுவலுக்கு மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டேன். சர்வீசஸ் விண்டோல போய் மாத்துனா போதுமா? டேட்டா ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல தனி ஃபோல்டர்ல இருக்கு.

யானைமலை

சர்வீசஸ் விண்டோ பக்கம் போகவே போகாதீங்க. எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்லதான் மாத்தணும். அது அக்கவுண்ட் பேரை மட்டும் மாத்தாது. சர்வீஸா லாகான் ஆகுற உரிமை, ரெஜிஸ்ட்ரி அனுமதி, எல்லாத்தையும் சேத்துக் குடுக்கும். சர்வீஸ் மாஸ்டர் கீன்னு ஒண்ணு இருக்கு, லிங்க்டு சர்வர் பாஸ்வேர்டு, கிரெடன்ஷியல் இதெல்லாம் அதை நம்பித்தான் பூட்டியிருக்கும். அந்தச் சாவியே சர்வீஸ் அக்கவுண்ட்டையும் மெஷினையும் வச்சுப் பூட்டுனது. புது அக்கவுண்ட்டுக்கு ஏத்த மாதிரி அதைத் திரும்பப் பூட்டுற வேலையையும் இந்த மேனேஜர் பாத்துக்கும். மாத்துறதுக்கு முன்னாடி அந்தச் சாவிக்கு ஒரு பேக்கப் எடுத்து, பாஸ்வேர்டோட, வேற எடத்துல வைங்க. ஒரு வரிக் கட்டளைதான், ஆனா நான் போய்ப் பாத்த கடை எதுலயும் எடுத்து வச்சதில்ல.

அக்கவுண்ட் பேர் கட்டத்துல விர்ச்சுவல் பேரை முழுசா டைப் பண்ணுங்க, பாஸ்வேர்டு கட்டம் ரெண்டையும் காலியா விடுங்க. சர்வீஸ் ரீஸ்டார்ட் ஆகும், அதனால கடை பூட்டுன பிறகு பண்ணுங்க.

இப்ப அந்த டி டிரைவ் ஃபோல்டர். இதுலதான் நீங்க மாட்டுவீங்க, முன்னாடியே சொல்லிடுறேன். இன்ஸ்டால் பண்ணும்போது எஸ்கியூஎல் தானா உண்டாக்குற டேட்டா ஃபோல்டருக்கு அந்த என்டி சர்வீஸ் பேர்லயே அனுமதி ஏற்கெனவே இருக்கும். அந்த அனுமதி சர்வீஸோட எஸ்ஐடிக்கு (விண்டோஸ் வைக்கிற அடையாள எண்) குடுத்தது, நீங்க அக்கவுண்ட்டை அங்கிட்டு இங்கிட்டு மாத்துனாலும் அது அசையாது. ஆனா யாரோ கையால உண்டாக்குன டி டிரைவ் ஃபோல்டருக்கு அது இருக்காது. அட்மினிஸ்ட்ரேட்டரும் லோக்கல் சிஸ்டமும் எங்கயும் நுழையும்கிறதால இதுவரைக்கும் தெரியாம ஓடியிருக்கு. விர்ச்சுவலுக்கு மாத்துனதும் டேட்டாபேஸ் பேருக்குப் பக்கத்துல ரிக்கவரி பெண்டிங்னு நிக்கும், நீங்க பதறிப்போய் ரிஸ்டோர் பண்ணக் கெளம்புவீங்க. ஒண்ணும் கெட்டிருக்காது, ஃபைலைத் திறக்க அனுமதி இல்ல, அவ்வளவுதான்.

அதனால முதல்லயே ஃபோல்டர் பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, ஆட். லொகேஷன் உங்க சர்வர் பேரா இருக்கணும். தேடுனா லிஸ்ட்ல வராது. பேரை முழுசா டைப் பண்ணி செக் நேம்ஸ் அமுக்குங்க, எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர்னு அடிக்கோடு விழும். ஃபுல் கண்ட்ரோல் குடுங்க. உள்ள இருக்குற எம்டிஎஃப், எல்டிஎஃப் (டேட்டா, லாக்) ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் அது இறங்கியிருக்கான்னும் பாருங்க. எப்பவோ யாரோ டிட்டாச் பண்ணி அட்டாச் பண்ணுன ஃபைலா இருந்தா, அந்த ஆள் பேர்ல மட்டும் அனுமதி ஒட்டிக்கிட்டு இருக்கும்.

கப்பலூர்_பிளான்ட்

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். கப்பலூர் சிட்கோவுல ஒரு யூனிட், எங்களுக்கு டொமைன் இருக்கு. நாலு எஸ்கியூஎல் சர்வர், எல்லாம் ஒரே டொமைன் யூசர்ல ஓடுது. அந்த யூசர் டொமைன் அட்மின்ஸ் குரூப்லயும் இருக்கான். இப்ப இதைப் படிச்சதும் வயித்தைக் கலக்குது. விர்ச்சுவலா, ஜிஎம்எஸ்ஏவா (பாஸ்வேர்டை டொமைனே பாத்துக்கிற சர்வீஸ் அக்கவுண்ட்)?

தெப்பக்குளம்_டிபிஏ

முதலில் அந்த யூசரை டொமைன் அட்மின்ஸ் குரூப்பில் இருந்து எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள், மற்றது பிறகு. சர்வீஸ் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டை விண்டோஸ் அந்த மெஷினிலேயே எல்எஸ்ஏ ரகசியங்களில் வைத்திருக்கும். அந்த மெஷினில் அட்மின் உரிமை பிடித்தவன் அதை எடுத்துவிடலாம். நான்கில் ஏதாவது ஒன்று விழுந்தால் கம்பெனி முழுக்க விழுந்தது என்று அர்த்தம்.

ஷேர் ஃபோல்டரில் எழுதுவது மட்டும்தான் வெளி வேலை என்றால் உங்களுக்கும் விர்ச்சுவல் போதும். கம்ப்யூட்டர் அக்கவுண்ட்டுக்கு, அதாவது சர்வர் பெயர், கடைசியில் டாலர் குறி, ஷேரில் அனுமதி கொடுங்கள். அவெய்லபிலிட்டி குரூப் (ஒரே டேட்டாபேஸின் பிரதியைப் பல சர்வரில் வைப்பது) மாதிரி பல சர்வர்களில் ஒரே அக்கவுண்ட் வேண்டும் என்றால் ஜிஎம்எஸ்ஏ. விண்டோஸ் சர்வர் 2012இல் வந்தது. தனி சர்வருக்கு எஸ்கியூஎல் 2014இல் இருந்தும், கிளஸ்டருக்கும் அவெய்லபிலிட்டி குரூப்புக்கும் 2016இல் இருந்தும் ஆதரவு உண்டு. பாஸ்வேர்டை டொமைன் கன்ட்ரோலரே 30 நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளும், மனிதர் யாருக்கும் தெரியாது. முதல் தடவை கேடிஎஸ் ரூட் கீ (அந்தப் பாஸ்வேர்டுகளுக்கான மூலச் சாவி) உண்டாக்கியபின் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். எல்லா டிசிக்கும் (டொமைன் கன்ட்ரோலர்) அது போய்ச் சேரட்டும் என்று வைத்த இடைவெளி அது, வேலை செய்யவில்லை என்று திரும்பத் திரும்பப் போடாதீர்கள்.

எஸ்பிஎன் பதிவு (சர்வீஸ் எந்த அக்கவுண்ட்டில் ஓடுகிறது என்று டொமைனில் இருக்கும் குறிப்பு) ஒன்றையும் கவனியுங்கள். விர்ச்சுவல் என்றால் கம்ப்யூட்டர் பெயரில் தானாகப் பதிந்துகொள்ளும். சாதாரண டொமைன் யூசர் என்றால் பெரும்பாலும் நீங்கள்தான் செட்எஸ்பிஎன் கட்டளையால் அதைப் போட்டிருப்பீர்கள். அக்கவுண்ட்டை மாற்றியதும் பழைய பதிவு பழைய யூசர் மேலேயே கிடக்கும், பயனர்களுக்கு எஸ்எஸ்பிஐ (விண்டோஸ் லாகின் சரிபார்ப்பு) பிழை வரும். பழையதை நீக்கிவிட்டு மாற்றுங்கள்.

கப்பலூர்_பிளான்ட்

புரிஞ்சுதுக்கா. மாதாந்திர மின்தடை அன்னைக்கு எல்லா சர்வரும் ஒண்ணா ஆஃப் ஆகி ஒண்ணா வரும். டிசி எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எஸ்கியூஎல் எந்திரிச்சா?

தெப்பக்குளம்_டிபிஏ

தொடங்காமல் நிற்க வாய்ப்பு உண்டு. சர்வீஸைத் தாமதத் தொடக்கத்தில் வையுங்கள், ரிக்கவரி டேபில் தோல்வியானால் மறுபடி தொடங்கு என்று போடுங்கள். டிசியை யூபிஎஸ்ஸில் கடைசியாக அணைந்து முதலில் எழும்படி வைப்பது இன்னும் நல்லது. எக்காரணம் கொண்டும், "ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா பிரச்சினை இல்லையே" என்று டிசியிலேயே எஸ்கியூஎல்லைப் போட்டுவிடாதீர்கள்.

இன்ஸ்டால்_தம்பி

யானைமலை அண்ணே, ஒரு சந்தேகம். விர்ச்சுவல் போட்டாலும் உள்ள நுழைஞ்சவன் லோக்கல் சிஸ்டமா ஏறிக்கலாம்னு யூட்யூப்ல பாத்தேன். உருளைக்கெழங்குன்னு என்னமோ டூல் பேரு. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?

யானைமலை

நெசந்தான். சர்வீஸ் அக்கவுண்ட்டுகளுக்கு இம்பர்சனேட் (வேற யூசரா நடந்துக்கிற) உரிமை இருக்கும், விர்ச்சுவலுக்கும் உண்டு. ஜூசி பொட்டேட்டோ வகை டூல்கள் அதைப் பிடிச்சுத்தான் ஏறும். அதனால விர்ச்சுவல் போட்டாச்சு, இனிமே 1433ஐத் திறந்து வைக்கலாம்னு யாரும் நெனைக்காதீங்க. ஆனா கதவைத் தொறந்தே போடுறதும், தாழ்ப்பா போட்டு வைக்கிறதும் ஒண்ணாயிருமா? ஏறுறதுக்கு அவன் ஒரு டூலைக் கொண்டு வரணும், அது டிஃபெண்டர் கண்ணுல படணும், விண்டோஸ் பேட்ச் போடாம இருக்கணும். லோக்கல் சிஸ்டம்னா இதுல ஒண்ணுமே வேணாம்.

இன்னொண்ணு, இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். மாசிவீதி கடையில நாஸுக்கும் சர்வருக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு இருந்துச்சு பாருங்க. ரான்சம்வேர் வந்திருந்தா சர்வரோட பேக்கப்பும் போயிருக்கும். எந்த அக்கவுண்ட் போட்டாலும் எஸ்கியூஎல்லால நாஸ்ல எழுத முடியும்னா, எஸ்கியூஎல்லைப் பிடிச்சவனால நாஸ்ல அழிக்கவும் முடியும். அதனால வொர்க்குரூப்ல நாஸுக்காகத் தனி யூசர் உண்டாக்கி அதுல சர்வீஸை ஓட்டுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஓடும்னாலும். பேக்கப் லோக்கல்ல விழட்டும். அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு யூசர் சர்வர்ல இருக்கட்டும். நாஸ் அந்த யூசரா வந்து ராத்திரி இழுத்துக்கிட்டுப் போகட்டும். பெரும்பாலான நாஸ்ல அந்த வசதி உண்டு. சர்வருக்கு நாஸ் பாஸ்வேர்டே தெரிய வேணாம்.

மாசிவீதி_கணக்கு

மாத்திட்டேன். டேட்டா ஃபோல்டர் அனுமதி முதல்லயே குடுத்ததால டேட்டாபேஸ் எல்லாம் ஒழுங்கா வந்துச்சு, ஒரு பழைய வருஷத்து டேட்டாபேஸ் மட்டும் ரிக்கவரி பெண்டிங். அண்ணன் சொன்ன மாதிரி ஃபைல் மேல முன்னாடி இருந்த ஒரு ஸ்டாஃப் பேர்ல மட்டும் அனுமதி இருந்துச்சு. அதைச் சரிபண்ணி ஆஃப்லைன், ஆன்லைன் பண்ணுனதும் வந்துருச்சு. நாஸ் இழுக்குறதும் ஓடுது. எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை அணைச்சேன். அணைச்சதும் சாஃப்ட்வேர்ல இருக்குற "பேக்கப்" பட்டன் பிழை காட்டுது. போட்டுக் குடுத்தவங்க, "அதைத் திரும்ப ஆன் பண்ணுங்க, இல்லாட்டி சப்போர்ட் கிடையாது"ங்கிறாங்க.

இன்ஸ்டால்_தம்பி

அண்ணே அந்தப் பட்டனை விட்டுருங்க. உங்ககிட்ட ஸ்டாண்டர்டு இருக்கு, ஏஜெண்ட் உண்டு. ஏஜெண்ட் ஜாப்ல கம்ப்ரஷனோட பேக்கப் எடுத்தா ஜிப்பே வேணாம். எங்க கஸ்டமர் பாதிப் பேரு எக்ஸ்பிரஸ் (இலவசப் பதிப்பு), அதுல ஏஜெண்டும் கெடையாது, கம்ப்ரஷனும் கெடையாது, அதனாலதான் அந்த ஜிப் வேலையே. எங்க சாஃப்ட்வேர்ல டாஸ்க் ஷெட்யூலர் வழியா மாத்த முடியுமான்னு ஆபீஸ்ல கேட்டிருக்கேன். எங்க மொதலாளி என்ன சொல்வாரோ.

ஏஜெண்டுக்கு எந்த அக்கவுண்ட் போடுறது? இன்ஜினுக்குப் போட்டதேவா?

யானைமலை

இல்ல. அதுக்குன்னு தனி விர்ச்சுவல் இருக்கு, என்டி சர்வீஸ், எஸ்கியூஎல்சர்வர்ஏஜெண்ட். அதையே விடுங்க. ஏதாவது ஒரு ஜாப் படி மட்டும் வெளிய போகணும்னா, அந்தப் படிக்கு ஒரு ப்ராக்ஸி (அந்தப் படியை மட்டும் ஓட்டுற வேற அக்கவுண்ட்) போடுங்க, மொத்த ஏஜெண்ட்டையும் பெரிய ஆளாக்க வேணாம். பேக்கப் எழுதுறது ஏஜெண்ட் இல்ல, இன்ஜின்தான். அதனால பேக்கப் ஃபோல்டர்ல எம்எஸ்எஸ்கியூஎல்சர்வருக்குத்தான் எழுதுற அனுமதி வேணும், ஏஜெண்டுக்கு இல்ல. பல பேரு இதை மாத்திக் குடுத்துட்டு பிழை 5ஐப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க.

மாசிவீதி, சிஸ்.டிஎம்_சர்வர்_சர்வீசஸ்னு ஒரு வியூ இருக்கு. அதை ஓட்டுனா இன்ஜின், ஏஜெண்ட் ரெண்டும் எந்த அக்கவுண்ட்ல ஓடுதுன்னு ஒரே பார்வையில தெரியும். அந்த வெளியீட்டைப் போடுங்க, ஏஜெண்ட் இன்னும் லோக்கல் சிஸ்டத்துல நிக்குதான்னு பாப்போம்.

மாசிவீதி_கணக்கு

நிக்குதுண்ணே. இன்ஜின் மாறியிருக்கு, ஏஜெண்ட் லோக்கல் சிஸ்டம்னே காட்டுது. கடை பூட்டுனதும் மாத்திட்டு போடுறேன்.